பாடும் எஞ்சினும் ஒப்பாரிக் கோச்சியும்: ஒரு மாட்டுத் தொழுவ ஸ்டூடியோவின் வரலாறு

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் என்றொரு மாவட்டம். அங்கே கன்ரபரி நகரத்துக்குப் பக்கத்தில் பிளீன் என்ற கிராமம். அந்தக் கிராமத்துப் பண்ணை ஒன்றில், மாடுகள் இல்லாமல் சும்மா கிடந்த ஒரு தொழுவத்தில்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி நடக்குது. ஒலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபெர்மின் என்று இரண்டு பேர். 1959இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்காகப் பொம்மைப் படங்கள் எடுத்தாங்க. கம்பனிக்கு அவங்க வச்ச பெயர் ஸ்மோல்ஃபில்ம்ஸ், அதாவது 'சின்னப் படங்கள்'.

பதுளையில இருக்கிற நாங்க இதை ஏன் வாசிக்கணும்? அந்தத் தொழுவத்தில் எடுத்த படங்களில் ஒன்று மலைநாட்டுக் கோச்சி ஒன்றைப் பற்றியது. இன்னொன்று தொலைந்துபோன பொருட்களைப் பற்றியது. இரண்டையும் அவங்க எடுத்த அதே வருஷங்களில் நம்ம மலையில என்ன நடந்தது என்று சேர்த்துப் பார்த்தால், இது வெறும் கார்ட்டூன் வரலாறாகத் தெரியாது. எனக்கு அப்படித்தான் பட்டது.

அசையாத பொம்மை எப்படி அசையும்?

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுறேன். ஸ்டொப் மோஷன் என்பது ரொம்பப் பழைய வித்தை. ஒரு பொம்மையை வைக்கணும், ஒரு படம் எடுக்கணும். கையை ஒரு நூலளவு நகர்த்தணும், இன்னொரு படம் எடுக்கணும். ஒரு செக்கனுக்கு 24 அல்லது 25 படங்கள் ஓடினால் நம்ம கண்ணுக்குப் பொம்மை தானே நடக்கிற மாதிரி இருக்கும். பொதுவாக ஒரு நிலையை இரண்டு தடவை பதிவு செய்வாங்க. அப்படிப் பார்த்தாலும் ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை பொம்மையைத் தொடணும்.

நம்ம பக்கத்து நாட்டில் இந்த வித்தை ரொம்பச் சீக்கிரமே வந்துவிட்டது. இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே, தன் முதல் முழுநீளப் படத்துக்குப் பணம் திரட்டுவதற்கு முன்னால் ஒரு பட்டாணிச் செடி வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்துக் காட்டினார். பிறகு 1915 அளவில் தீக்குச்சிகளை அசையவைத்து ஒரு குறும்படமும் எடுத்தார். விதை, தீக்குச்சி. கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம் என்பது இந்தக் கலைக்குள்ளேயே இருக்கிற குணம்.

ஆனால் பொறுமைக்கு விலை இருக்கு. 'வொலஸ் அன்ட் குரோமிட்', 'ஷோன் த ஷீப்' எடுத்த ஆர்ட்மன் மாதிரியான பெரிய ஸ்டூடியோவில் ஒரு கலைஞர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் சில செக்கன் படம்தான் கிடைக்கும். போஸ்ட்கேட் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்ததாகச் சொல்லியிருக்கார். எப்படி? தேவையில்லாத அசைவை எல்லாம் வெட்டிவிட்டார். பொம்மை தலையைத் திருப்பும், கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். மிச்சத்தை அவருடைய குரல் சொல்லும். பாட்டி இருட்டில் கதை சொல்லும்போது கையை மட்டும் ஆட்டுவாங்க இல்லையா, அந்த மாதிரி. காசும் நேரமும் இல்லாததால் வந்த பழக்கம் அது. பிறகு அதுவே அவங்க பாணியாகவும் ஆனது.

இரண்டு பேர்

போஸ்ட்கேட் 1925இல் பிறந்தவர். சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லை. அம்மாவின் அப்பா ஜோர்ஜ் லான்ஸ்பரி, பிரித்தானியத் தொழிற்கட்சியின் தலைவராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர மாட்டேன் என்று மறுத்ததால் ஒலிவர் சிறைக்குப் போனார். போர் முடிந்த பிறகு பல வேலைகள் பார்த்து, 1957இல் ஒரு தனியார் தொலைக்காட்சிக் கம்பனியில் அரங்க மேலாளராகச் சேர்ந்தார். அங்கே சிறுவர் நிகழ்ச்சிகளைப் பார்த்து, இதைவிட நல்லதா நானே செய்யலாமே என்று நினைத்தவர், ஓர் எலியைப் பற்றிக் கதை எழுதினார். படம் வரைய ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்தான் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்த பீட்டர் ஃபெர்மின்.

அந்த எலிக் கதை நேரடி ஒளிபரப்பு. மேசைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே எலி நகரும். காந்தம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நேரடி ஒளிபரப்பில் தவறினால் திருத்தவும் முடியாது. ஆகவே போஸ்ட்கேட் பழைய 16 மில்லிமீற்றர் கமரா ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக எடுக்கும் வழிக்கு மாறினார். ஸ்மோல்ஃபில்ம்ஸ் பிறந்தது இப்படித்தான்.

வேலைப் பங்கீடு எளிமையானது. கதை, கமரா, குரல் போஸ்ட்கேட். வரைவது, பொம்மை செய்வது, காட்சி அமைப்பது ஃபெர்மின். இசைக்கு வேர்னன் எலியட் என்ற பஸூன் கலைஞர். இந்தப் பட்டியலில் பல பேர் சொல்ல மறக்கிற ஒரு பெயர் ஜோன் ஃபெர்மின், பீட்டரின் மனைவி. புத்தகம் கட்டும் தொழில் தெரிந்தவர், ஆறு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். பின்னால் உலகம் முழுக்கத் தெரிந்த கிளாங்கர்ஸ் பொம்மைகளைக் கம்பளி நூலில் பின்னியது அவர்தான். ஸ்டூடியோ வரலாறு என்றால் இரண்டு ஆண்களின் பெயர் மட்டும் வரும். கொழுந்து பறிக்கிற கைகளை வைத்து நடக்கும் தொழிலில் துரைமார் பெயர் மட்டும் வரலாற்றில் நிற்பதைப் பார்த்துப் பழகின நமக்கு இது புதுசு இல்லை. அதனால்தான் அந்தப் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாட ஆசைப்பட்ட எஞ்சின்

அவர்களுடைய முதல் பெரிய வெற்றி 1959இல் வந்த 'ஐவர் த எஞ்சின்'. ஐவர் என்றால் தமிழில் ஐந்து பேர். இங்கே ஒரே ஒரு எஞ்சின்தான். வேல்ஸ் நாட்டு மலைகளுக்கு நடுவே ஓடுகிற ஒரு சின்ன நீராவி எஞ்சினுக்கு ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து பாடணும் என்று ஆசை. அதன் விசிலை எடுத்துவிட்டு ஓர் ஓர்கன் வாத்தியத்தின் குழாய்களைப் பொருத்துறாங்க. எஞ்சின் பாடுது. பிறகு அதன் நெருப்புப் பெட்டிக்குள் ஒரு சின்ன டிராகன் வந்து குடியிருக்கும், அதுவும் பாடும்.

இதில் பொம்மைகூட இல்லை. ஃபெர்மின் வர்ணம் தீட்டிய அட்டை உருவங்களை நகர்த்தி எடுத்த படம். ஆனால் அதற்குள் ஓர் ஊர் முழுசாக இருந்தது: ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர், மழை, பனி, மலையேறும்போது மூச்சு வாங்கும் எஞ்சின். முன்னாள் இரயில் தொழிலாளி ஒருவர், அதிகாலையில் நீராவி எஞ்சின் எப்படி மெல்ல மெல்ல உயிர் பெறும் என்று சொன்னதைக் கேட்டுத்தான் போஸ்ட்கேட்டுக்கு இந்த யோசனை வந்தது. தொழிலாளியின் அனுபவம் பிள்ளைகள் கதையானது.

கறுப்பு வெள்ளையில் 1960களில் ஓடிய ஐவரை, 1975 முதல் 1977 வரை பி.பி.சிக்காக வர்ணத்தில் மறுபடி எடுத்தாங்க. இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம பக்கம் திரும்பணும்.

பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். தெமோதரையில் தன்னையே சுற்றிக்கொண்டு இறங்கும் பாதை, ஒன்பது வளைவுப் பாலம், எல்லாமே தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதையில் இருப்பவை. 1948 குடியுரிமைச் சட்டம் நம்ம முன்னோர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டாங்க. ஊரைவிட்டு அனுப்பப்பட்ட சனம் மலையக ஸ்டேஷன்களில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கியது. ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கதறிய கதறலில் அந்தக் கோச்சிக்கு ஒரு பெயர் வந்தது. ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கும் அதுதான் பெயர்.

வேல்ஸில் ஒரு கோச்சி வர்ணத்தில் பாடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இங்கே ஒரு கோச்சி அழுதுகொண்டு போனது. வேல்ஸ்காரர்களும் கஷ்டம் தெரிந்தவர்கள்தான். சுரங்கத் தொழிலாளர் நாடு அது. இதில் யார் அதிகம் துன்பப்பட்டது என்று போட்டி வைக்க நான் வரவில்லை. அவங்க கோச்சியைப் பற்றி ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டே பார்க்கிற கதை இருக்கு. நம்ம கோச்சியைப் பற்றிச் சிறுகதை இருக்கு, ஒப்பாரி இருக்கு, சுற்றுலாப் பயணிகளின் ட்ரோன் வீடியோ ஆயிரக்கணக்கில் இருக்கு. ஆனா நம்ம பிள்ளை பார்த்து, இது எங்க கோச்சி என்று சொல்ல ஒரு படம் எங்கே?

விசில் மொழியும் தொலைந்த பொருளும்

1969 நவம்பரில் 'கிளாங்கர்ஸ்' வந்தது. மனிதன் நிலவில் கால் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தூரத்தில் ஒரு சின்னக் கோளம், அதற்குள் குடியிருக்கும் இளஞ்சிவப்புக் கம்பளி எலி மாதிரியான ஒரு குடும்பம். யாரோடும் சண்டை இல்லை. சூப் குடிப்பாங்க, விழுந்துகிடக்கும் பொருட்களைப் பொறுக்கி எடுத்து என்னவென்று யோசிப்பாங்க. போருக்குப் போக மறுத்துச் சிறை போன ஒருவர் எழுதிய விண்வெளிக் கதை இப்படித்தானே இருக்கும்.

கிளாங்கர்ஸ் பேசுவது விசில் மொழி. போஸ்ட்கேட் வசனத்தை முழுசாக ஆங்கிலத்தில் எழுதி, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் விசிலில் ஊத வைத்தார். அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. பல நாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் விளக்கக் குரல் இல்லாமல் படத்தைப் போட்டாங்களாம். புரிந்ததா என்று கேட்டதற்கு ஜேர்மன்காரர், அவங்க அழகான ஜேர்மன் பேசுறாங்களே என்றாராம். சுவீடன்காரர், இல்லை, சுவீடிஷ் என்றாராம். கொஞ்சம் கூட்டிச் சொன்னாரோ என்னவோ, விஷயம் உண்மை. மொழி இல்லாத படம் எல்லா மொழிக்காரருக்கும் சொந்தமாகும். இன்றைக்கு 'பிங்கு'வையும் 'ஷோன் த ஷீப்'பையும் லயத்துப் பிள்ளை யாரும் மொழிபெயர்க்காமலே பார்த்துச் சிரிக்குது என்றால் காரணம் இதுதான்.

1974 பெப்ரவரியில் 'பேக்பஸ்' வந்தது. வெறும் 13 பாகங்கள். எமிலி என்ற சிறுமியிடம் ஒரு கடை இருக்கு. அதில் எதுவும் விற்பனைக்கு இல்லை. தொலைந்த பொருட்களையும் உடைந்த பொருட்களையும் கொண்டுவந்து வைப்பாள். பேக்பஸ் என்ற பழைய துணிப் பூனை கண்விழிக்கும். கூடவே மற்றப் பொம்மைகளும் எழும்பும். அந்தப் பொருள் என்னவாக இருக்கும் என்று கதை சொல்வாங்க, பாடுவாங்க, எலிகள் அதைத் திருத்தும். பிறகு கடை ஜன்னலில் வைப்பாங்க, சொந்தக்காரர் அந்த வழியாக வந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. எமிலியாகப் படத்தில் வந்தது ஃபெர்மினின் மகள் எமிலிதான். பூனைக்கு இளஞ்சிவப்புக் கோடு வந்ததுகூட திட்டமிட்டு இல்லை, செம்மஞ்சள் சாயம் கேட்டிருந்தாங்க, துணி வேறு நிறத்தில் வந்தது. அப்படியே விட்டுட்டாங்க. 25 வருஷம் கழித்து 1999இல் பி.பி.சி நடத்திய வாக்கெடுப்பில் மிகப் பிடித்த சிறுவர் நிகழ்ச்சியாக அதுதான் வந்தது.

அந்த 1974 நமக்கு என்ன வருஷம்? தோட்டங்களில் பஞ்சம். மா இல்லை, அரிசி இல்லை. அந்த வருஷம் தோட்டப்புற இறப்பு வீதம் சடுதியாக ஏறியது பதிவுகளிலேயே இருக்கு. அதற்கு முந்தின வருஷம், 1973இல், பிரித்தானியாவின் 'வேர்ல்ட் இன் அக்ஷன்' நிகழ்ச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நிலைமையை அந்த நாட்டு வீடுகளுக்குக் காட்டியது. அதனால் அங்கே கேள்விகள் எழுந்தன. அது நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. ஒரே காலத்தில், ஒரே நாட்டுத் திரையில், அவங்க பிள்ளைகளுக்குத் தொலைந்த பொருளைத் திருத்தித் தரும் பூனை. நம்ம பிள்ளைகள் அதே திரையில் வந்தது வறுமைக்குச் சாட்சியாக. இன்றைக்கும் தோட்டத்துப் பிள்ளை கமராவுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் அந்த வேஷம்தான் கிடைக்குது. லயத்து வாசலில் நின்று சோகமா பார்க்கிற முகம்.

தொழுவம் மட்டும் போதுமா?

இந்த மாதிரிக் கட்டுரைகள் வழமையாக எங்கே போய் முடியும் என்று தெரியும். பாருங்க, மாட்டுத் தொழுவத்தில் இருந்து இரண்டு பேர் சாதிச்சாங்க, உங்க கையில போன் இருக்கு, நீங்களும் சாதிக்கலாம் என்று. அது பாதி உண்மை. மிச்சப் பாதியையும் சொல்லணும்.

ஸ்மோல்ஃபில்ம்ஸ் நின்றது திறமையால் மட்டும் இல்லை. அவங்க எடுத்ததை வாங்க ஒரு பொதுத் தொலைக்காட்சி இருந்தது. போஸ்ட்கேட்டின் நினைவுகளின்படி, பி.பி.சி சிறுவர் பிரிவுக்காரர்களிடம் போய், எடுத்ததைக் காட்டி, அடுத்து என்ன என்று பேசிவிட்டு வருவது அவ்வளவு எளிதாக இருந்தது. அந்த நம்பிக்கை இருக்கும் வரைக்கும் தொழுவத்தில் வேலை நடந்தது. 1980களில் தொலைக்காட்சியின் போக்கு மாறியது, வேகமான படங்கள் கேட்டாங்க, வாங்குவது குறைந்தது. 1984இல் ஒரு பொம்மை வீட்டுக் கதை, 1986இல் இன்னொன்று, பிறகு ஸ்டூடியோ ஓய்ந்துபோனது. கைகள் அதே கைகள்தான். வாங்குகிற இடம்தான் இல்லாமல் போனது. 2008இல் போஸ்ட்கேட்டும் 2018இல் ஃபெர்மினும் இறந்தாங்க. இடையில் 2015இல் கிளாங்கர்ஸை பி.பி.சி மறுபடி எடுத்தது, அதுவும் கணினியில் இல்லை, கையால் நகர்த்தும் பொம்மைகளை வைத்தே.

நம்ம நாட்டில் தொலைக்காட்சி வந்ததே 1979இல். 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு, டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் கொண்டுவந்தார். வெறும் மொழிபெயர்ப்பு இல்லை அது, சிங்களப் பேச்சையும் நக்கலையும் பாட்டையும் உள்ளே வைத்தார். 'தொஸ்தர ஹொந்த ஹித்த' இன்றைக்கும் சிங்கள நண்பர்கள் ஆசையாகப் பேசுகிற ஒன்று. ஒரு பொது நிறுவனம் ஒரு கலைஞனை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அது இங்கேயே கிடைக்கிற உதாரணம். அதே அக்கறை மலையகத் தமிழ்ப் பேச்சுக்குக் கிடைத்ததா? நம்ம பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பது சென்னைத் தமிழில். அதில் கோச்சி இல்லை, இரயில்தான். பிள்ளை மடுவம் இல்லை, பெரட்டு இல்லை. பிள்ளை அந்தத் தமிழைச் சந்தோஷமாகப் படிச்சுக்கொள்ளும். ஆனால் வீட்டில பேசுறது திரைக்கு லாயக்கில்லாத பேச்சு என்பதையும் சேர்த்தே படிச்சுக்கொள்ளும். இதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியுது.

ஆகவே இரண்டு வேலை இருக்கு. ஒன்று, நாங்களே செய்யக்கூடியது. போனை அசையாமல் நிறுத்த ஒரு செங்கல் போதும். இலவசமாகக் கிடைக்கிற செயலிகள் இருக்கு. கதைக்குப் பஞ்சமே இல்லை: காமன் கூத்தில் எரிந்து மீண்டும் எழும்பும் மதன், பொன்னர் சங்கர், சி.வி. வேலுப்பிள்ளை தேடிச் சேர்த்த மலைநாட்டுப் பாடல்கள், தெமோதரையில் சுற்றிச் சுற்றி இறங்கும் கோச்சி. தேயிலைக் கொட்டைக்குக் கண் வைத்தால் ஒரு பாத்திரம் ரெடி. தையல் தெரிந்த அம்மாமார் எல்லா லயத்திலும் இருக்காங்க. அவங்க பெயரையும் படத்தின் முடிவில் போடணும்.

இரண்டாவது, கேட்க வேண்டியது. 2023இல் மலையகம் 200 என்று நடை நடந்தோம், கண்காட்சி வச்சோம், காணி கேட்டோம், சம்பளம் கேட்டோம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் ஐந்து வயசுப் பிள்ளைக்கு அதன் பேச்சில் ஒரு படம் என்பதையும் சேர்க்கணும். அரச தொலைக்காட்சியில் அதற்கு நேரமும், மாகாணக் கலாசாரப் பணத்தில் அதற்குப் பங்கும் கேட்கலாம். சின்னப் பிள்ளை விஷயம்தானே என்று யாராவது சொன்னால், கென்ட் பல்கலைக்கழகம் 1987இல் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்ததைச் சொல்லுங்க. பட்டம் உண்மையில் பேக்பஸுக்குத்தான் என்றார் அவர். அந்தத் துணிப் பூனைக்குப் பட்டதாரி அங்கி தைத்துப் போட்டும் விட்டாங்க.

இதை எழுதும்போது நான் நினைத்துக்கொண்டது ஒரு காட்சி. ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப்போன ஒரு குடும்பம் ஸ்டேஷனில் விட்டுப்போன ஏதோ ஒரு பொருள். ஒரு கொழுந்துக் கூடையோ ஒரு தப்போ. தெமோதரை ஸ்டேஷன் மாஸ்டர் அதை எடுத்து உள்ளே வைக்கிறார். இரவில் அந்தப் பொருள் கண்விழிக்குது. மிச்சக் கதையை யாராவது எடுங்க. ஆள் குறைஞ்சா கூப்பிடுங்க, பொம்மை நகர்த்த நான் வாறேன்.